ஒரு மணிப் பயணமும் ஒரு ராத்திரிப் பயணமும்

"அந்த ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் கிலோமீட்டரில் பதில் சொல்வோம். மீதிப் பேர் "மூன்று மணி நேரப் பயணம்" என்போம். வியாபாரிக்கு இந்த இரண்டு பதிலும் போதாது. சரக்கு எப்போது கடை வாசலில் இறங்கும், இறங்கும்போது அடக்க விலை என்ன, வழியில் யார் யாருக்கு எவ்வளவு போகும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் வியாபாரி அளக்க வேண்டிய தூரம்.

இதை விளக்க, வடக்கு ஐரோப்பாவில் கடலுக்கு இக்கரையும் அக்கரையுமாக இருக்கும் இரண்டு தலைநகரங்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம். மற்றொன்று பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி. நடுவில் பால்டிக் கடல்.

மளிகைக் கடைக்காரருக்கு ஸ்டாக்ஹோம் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு மணி நேரத்தில் போய்விடும் விமானமும் இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க ஓடும் கப்பலும் இருக்கிறது. இரண்டும் பல்லாண்டுகளாக அருகருகே தொழில் செய்து வருகின்றன. "வேகமானவன் வந்துவிட்டான், இனி மெதுவானவன் கடையை மூட வேண்டியதுதான்" என்று இன்று நம்மைப் பார்த்துப் பலர் சொல்கிறார்கள். செல்போனில் பட்டனை அழுத்தினால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சாமான் என்ற விளம்பரத்தைக் கண்டு, பரம்பரையாகக் கடை நடத்தும் குடும்பங்களே கலங்கி நிற்கின்றன. அந்தக் கலக்கம் எவ்வளவு நியாயம் என்று உரைத்துப் பார்க்க ஸ்டாக்ஹோம் – ஹெல்சிங்கி வழி ஒரு நல்ல உரைகல்.

காகிதக் கணக்கு

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் இந்த இரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரே ஏறி நிலைப்பட்ட பிறகு மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் தாராளமாகப் பறக்கும். நானூறை எண்ணூறால் வகுத்தால் அரை மணி நேரம். ஆனால் விமானக் கம்பெனிகளின் கால அட்டவணையைப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். மீதி அரை மணி எங்கே போனது?

விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதைக்கு வர வேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை காத்திருக்க வேண்டும். பறந்த பின்னும் முழு வேகம் உடனே வராது. மேலே ஏறுவதற்கே சில நிமிடங்கள் பிடிக்கும். ஏறி முடித்துச் சற்று நேரத்தில் இறங்கும் வேலை தொடங்கிவிடும். வேகத்தைக் குறைத்து, வரிசையில் சேர்ந்து, சுற்றி வந்து இறங்கி, மறுபடியும் தரையில் ஊர்ந்து போய் நிற்க வேண்டும். முழு வேகத்தில் பறக்கும் நேரம் மொத்தத்தில் கொஞ்சம்தான்.

இது நம் கடை வாடகை மாதிரி. வியாபாரம் ஆனாலும் ஆகாவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை கொடுத்தே ஆக வேண்டும். ஏறுவது, இறங்குவது, ஊர்வது என்ற இந்த அரை மணி நேரமும் விமானத்துக்கு நிலையான செலவு. 4,000 கிலோமீட்டர் போகும் விமானத்துக்கு இந்த அரை மணி பெரிதல்ல. 400 கிலோமீட்டர் போகும் விமானத்துக்கோ அது பயணத்தை இரட்டிப்பாக்கிவிடுகிறது. இதனால்தான் இவ்வளவு குறுகிய வழியில் காற்றாடி வைத்த விமானங்களும் ஈடுகொடுத்து நிற்கின்றன. 70 பேர் வரை ஏறும் ஏடிஆர் ரக விமானம் ஜெட்டைவிட வேகத்தில் மிகவும் குறைந்தது. என்றாலும் இந்தத் தூரத்துக்கு அது கூடுதலாக எடுத்துக்கொள்ளும் நேரம் நிமிடக் கணக்கில்தான் வரும். எண்ணெய்ச் செலவோ குறைவு.

மூட்டைக்கு இவ்வளவு லாபம் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டிச்சத்தம், தராசுத் தேய்மானம் எல்லாவற்றையும் மறந்துவிடும் புது வியாபாரி, நானூறை எண்ணூறால் வகுத்த பையனுக்கு அண்ணன்தான்.

கடிகாரம் காட்டும் வேடிக்கை

இந்த வழியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்டாக்ஹோமில் காலை 8 மணிக்குக் கிளம்பும் விமானம் ஹெல்சிங்கியில் இறங்கும்போது அங்கே கடிகாரத்தில் மணி 10. திரும்பும் வழியில் ஹெல்சிங்கியில் 8 மணிக்குக் கிளம்பினால் ஸ்டாக்ஹோமில் இறங்கும்போதும் மணி 8! கடிகாரத்தை மட்டும் நம்புகிறவர், போக இரண்டு மணி நேரம், வர நேரமே ஆகவில்லை என்று எழுதி வைப்பார்.

சங்கதி இதுதான். பின்லாந்தின் கடிகாரம் ஸ்வீடன் கடிகாரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடுகிறது. கோடைக்கும் குளிருக்கும் இரு நாடுகளும் ஒரே சமயத்தில் கடிகாரத்தை மாற்றுவதால் இந்த ஒரு மணி வித்தியாசம் வருடம் முழுக்க மாறுவதில்லை. போனாலும் வந்தாலும் வானத்தில் செலவாவது அதே ஒரு மணிதான்.

இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு அளவுகோலை வைத்துக் கழித்தால் விடை தப்பாகத்தான் வரும். கொள்முதலை மூட்டைக் கணக்கிலும் விற்பனையைக் கிலோக் கணக்கிலும் எழுதி, சாக்கு எடையையும் சிந்திய சரக்கையும் கழிக்காமல் லாபம் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்கிறோம். முதலில் இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகுதான் கழிக்க வேண்டும்.

வாசலிலிருந்து வாசல் வரை

பயணி விமான நிலையத்தில் குடியிருப்பதில்லை, ஊருக்குள் குடியிருக்கிறார். ஸ்டாக்ஹோமின் பெரிய விமான நிலையமான ஆர்லாண்டா, நகரின் நடுவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1999 முதல் அங்கே தனி விரைவு ரயில் ஓடுகிறது. அதில் 18 நிமிடம். ஹெல்சிங்கியின் விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி வான்தாவில் இருக்கிறது. 2015 முதல் அங்கேயும் ரயில் போகிறது. நகரின் நடுவுக்கு வர அரை மணி நேரம்.

கூட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து ரயில் நிலையம், அங்கிருந்து விமான நிலையம் என்று முக்கால் மணி. பெட்டி, சோதனை, காத்திருப்பு என்று ஒரு மணிக்குக் குறையாது. பறக்க ஒரு மணி. இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. ஊருக்குள் போய்ச் சேர முக்கால் மணி. மொத்தம் நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. விளம்பரத்தில் போட்டிருக்கும் ஒரு மணி, மெய்யான பயணத்தில் கால் பங்குதான்.

பழைய கதை ஒன்றும் உண்டு. பின்லாந்தில் விமானக் கம்பெனி தொடங்கி 1924-இல் பறக்க ஆரம்பித்தபோது, நான்கு பயணிகள் மட்டுமே ஏறும் யூங்கர்ஸ் விமானங்கள்தான் இருந்தன. கோடையில் மிதவை கட்டித் தண்ணீரில் இறங்கும். குளிர்காலத்தில் சறுக்குக்கட்டை மாட்டிப் பனிக்கட்டியின் மேல் இறங்கும். விமானம் மெதுவானது. ஆனால் இறங்கும் இடம் ஹெல்சிங்கித் துறைமுகம். இறங்கி நடந்தால் ஊர். பிறகு விமானம் பெரிதாயிற்று, வேகமாயிற்று, ஓடுபாதை நீளமாயிற்று, விமான நிலையம் ஊரைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போயிற்று. ஸ்டாக்ஹோமில் 1936-இல் திறந்த புரோமா நிலையம் நகரை ஒட்டியே இருந்தது. 1962-இல் திறந்த ஆர்லாண்டா 40 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. வானத்தில் மிச்சம் பிடித்த நேரத்தில் ஒரு பகுதியைத் தரையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான்கு மணி நேரம் என்றாலும் கப்பலோடு ஒப்பிட்டால் விமானம் மிகப் பெரிய வசதிதான். காலையில் போய் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு இரவு வீட்டுக்குத் திரும்ப வேண்டியவருக்கு விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. வேகம் வீண் என்பது நம் வாதம் அல்ல. வேகத்தின் அளவை விளம்பரத்தில் பார்த்து எழுதாமல், வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிட்டு எழுத வேண்டும் என்பதே நாம் சொல்வது.

கப்பல் ஏன் நின்றுபோகவில்லை?

இனிக் கப்பலுக்கு வருவோம். மாலை 5 மணி வாக்கில் ஹெல்சிங்கித் துறையை விட்டுக் கிளம்பும் பயணிக் கப்பல், மறுநாள் காலை 10 மணி வாக்கில் ஸ்டாக்ஹோம் போய்ச் சேரும். கடிகார வித்தியாசத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 18 மணி நேரம். விமானத்தின் பறக்கும் நேரத்தைப் போல் பதினெட்டு மடங்கு! கணக்குப்படி இந்தக் கப்பல் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் 1990, 1991 ஆண்டுகளில் கட்டிய சில்ஜா செரினேட், சில்ஜா சிம்பொனி என்ற இரண்டு பெருங்கப்பல்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 2,800 பேருக்கு மேல் ஏறலாம். வைக்கிங் என்ற போட்டிக் கம்பெனியும் இதே கடலில் கப்பல் விடுகிறது.

எப்படி? முதலாவது, இந்தக் கப்பலில் ஏறுகிறவருக்குப் படுக்கை உண்டு. இரவுத் தூக்கம் வழியிலேயே முடிந்துவிடுவதால் ஓட்டல் அறை வாடகை மிச்சம். 18 மணி நேரம் என்று பயமுறுத்துகிற எண்ணில் பாதி, எப்படியும் தூங்கிக் கழிக்க வேண்டிய நேரம்.

இரண்டாவது, கப்பலின் நடுவே 140 மீட்டர் நீளத்துக்கு ஒரு கடைத்தெருவையே அமைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடை, சாப்பாட்டுக் கூடம், மேலே அறைகளின் ஜன்னல்கள். கப்பலில் ஏறுபவர்களில் பலர் ஸ்டாக்ஹோமில் வேலை இருந்து ஏறுவதில்லை. பகலில் சில மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு, அன்று மாலை அதே கப்பலில் திரும்பிவிடுகிறார்கள். பயணமே அவர்கள் வாங்கும் சரக்கு. டிக்கெட் விலையோடு வியாபாரம் முடிந்துவிடாமல், 18 மணி நேரமும் கல்லா திறந்திருக்கும்படி செய்துவிட்டார்கள்.

மூன்றாவது, நமக்கு மிக நெருங்கிய காரணம். கப்பலின் அடித்தட்டில் கார்களும் லாரிகளும் ஏறுகின்றன. விமானம் ஆளைக் கொண்டுபோகும். லோடு லாரியைக் கொண்டுபோகாது. லாரியைத் தரை வழியாகவே ஓட்டிப் போகலாமே என்றால், போத்னியா வளைகுடாவின் வடக்கு முனையைச் சுற்றிப் போக வேண்டும். ஸ்வீடன் எல்லையில் ஹபராண்டா, பின்லாந்து எல்லையில் தோர்னியோ என்ற பக்கத்து ஊர்கள் வழியாக அது 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நேர்கோட்டில் 400, தரையில் நாலு மடங்குக்கு மேல்! ரயிலில் அனுப்பலாம் என்றால் தண்டவாள அகலம் ஒத்துவராது. ஸ்வீடனில் 1,435 மில்லிமீட்டர். பின்லாந்தில் 1,524 மில்லிமீட்டர். எல்லையில் சரக்கை மாற்றி ஏற்ற வேண்டும். ஆகவேதான், தரையால் ஐரோப்பாவோடு ஒட்டியிருந்தும் பின்லாந்து வியாபாரத்தில் ஒரு தீவு மாதிரி. அதன் வெளிநாட்டுச் சரக்கில் பெரும்பகுதி கடல் வழியாகத்தான் போய் வருகிறது.

2020-இல் கொரோனா வந்து பயணிகள் போக்குவரத்து நின்றபோது இந்தப் பெரிய பயணிக் கப்பல்களைக் கரையில் கட்டிப்போட்டார்கள். பால்டிக் கடலில் சரக்குப் போக்குவரத்தை மட்டும் அறுந்துபோக விடவில்லை. ஊரடங்கில் எல்லாம் மூடிக் கிடந்தபோது மளிகைக் கடைகள் திறந்திருந்ததை நாம் மறக்கவில்லை. அவசரக் காலத்தில் அரிசி, பருப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது ஆடம்பர வேகம் அல்ல. விடாமல் ஓடும் மெதுவான வண்டிதான்.

வரியும் ஒரு தூரம்

வணிக அன்பர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது. ஹெல்சிங்கிக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் நடுவே ஆலந்து என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. பின்லாந்துக்கு உட்பட்டது, ஆனால் பேசுவது ஸ்வீடன் மொழி, தன்னாட்சி உள்ளது. நள்ளிரவிலோ விடியற்காலையிலோ, பயணிகள் பெரும்பாலோர் தூங்கும் நேரத்தில், கப்பல் இந்தத் தீவின் துறையில் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுக் கிளம்பும். ஏறுபவர், இறங்குபவர் சொற்பம். பிறகு ஏன் நிற்க வேண்டும்?

ஸ்வீடனும் பின்லாந்தும் 1995 ஜனவரி 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. ஒன்றியத்துக்குள் நாடு விட்டு நாடு போகும் பயணிகளுக்குத் தீர்வையில்லாமல் விற்கும் சலுகை 1999 ஜூன் மாதத்தோடு முடிந்தது. கப்பல் கடைகளின் வியாபாரமே அந்தச் சலுகையில்தான் நின்றது. இரு நாடுகளிலும் கடும் மதுவைச் சில்லறையில் விற்கும் உரிமை பெரும்பாலும் அரசு நிறுவனங்களிடம் இருக்கிறது, வரியும் கடுமை. ஆகவே கப்பலில் குறைந்த விலைக்குக் கிடைப்பதை வாங்கவே ஒரு கூட்டம் ஏறும். மது வியாபாரத்தை நாம் இங்கே மெச்சவில்லை. கணக்கை மட்டும் பார்க்கிறோம். சட்டம் அப்படியே அமலாகியிருந்தால் கப்பல் தொழில் படுத்திருக்கும்.

ஆனால் ஆலந்து ஒன்றியத்தில் சேர்ந்தபோதே, அதன் வரி எல்லைக்கு வெளியே தங்களை வைக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். ஆகவே ஆலந்துத் துறையைத் தொட்டுப் போகும் கப்பலில் தீர்வையில்லா விற்பனை இன்றும் செல்லும். அந்த நள்ளிரவு நிறுத்தத்தின் பொருள் இதுதான். கப்பலைச் சற்று நேரம் நிறுத்தி ஒரு தொழிலைக் காப்பாற்றிக்கொண்டார்கள். முன்கூட்டிச் சட்டத்தைப் படித்தவர்களும், பேச வேண்டிய நேரத்தில் பேசியவர்களும் இருந்ததால் நடந்தது இது. சங்கம் என்பது ஆண்டு விழாவுக்கும் சந்தாவுக்கும் மட்டும் அல்ல என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

வரி வித்தியாசம் தூரத்தையே சுருக்கிவிடும் என்பதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. ஹெல்சிங்கியிலிருந்து கடலுக்கு எதிர்க்கரையில் 80 கிலோமீட்டர் தூரத்தில் எஸ்டோனியா நாட்டின் தாலின் நகரம். கப்பலில் இரண்டு மணி நேரம். அங்கே மதுவுக்கு வரி குறைவு. 2004 மே மாதம் எஸ்டோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவிருந்தது. சேர்ந்துவிட்டால் மக்கள் பெட்டி பெட்டியாக அங்கிருந்து வாங்கி வருவார்கள் என்று கண்ட பின்லாந்து அரசு, அந்த ஆண்டு மார்ச் மாதமே தன் மது வரியை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிற்பாடு மறுபடி ஏற்றியது வேறு கதை. பக்கத்து ஊர் விலை, ஓர் அரசாங்கத்தையே வரியைக் குறைக்க வைத்தது. வாடிக்கையாளர் விலையைத் தேடிப் போகிற தூரத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சலுகையில் நிற்கும் தொழிலுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. சலுகை ஒரு நாள் எடுபடலாம். ஒற்றைச் சலுகையை, ஒற்றைக் கம்பெனியின் ஏஜென்சியை, ஒற்றைப் பெரிய வாடிக்கையாளரை நம்பி இருக்கும் கடை, ஒற்றைக் கால் முக்காலி. ஆலந்துக் கப்பல்களும் படுக்கை, உணவு, லாரி வாடகை என்று பல கால்களில் நிற்பதால்தான் ஆட்டம் காணாமல் இருக்கின்றன.

மெதுவாகப் போவதிலும் பொறுப்பு உண்டு

இந்தக் கடலைப் பற்றி எழுதும்போது ஒரு துயரத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1994 செப்டம்பர் 28 அன்று, தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போய்க்கொண்டிருந்த எஸ்டோனியா என்ற கப்பல் புயற்காற்றில் மூழ்கியது. 852 பேர் இறந்தார்கள். வண்டிகள் ஏறுவதற்காகத் திறந்து மூடும் முன்பக்கக் கதவின் பூட்டுகள் அலையின் அடி தாங்காமல் முறிந்து, வண்டித்தட்டில் தண்ணீர் புகுந்ததே காரணம் என்று மூன்று நாடுகள் சேர்ந்து நடத்திய விசாரணையின் அறிக்கை 1997-இல் சொன்னது. அதன் பிறகு வடக்கு ஐரோப்பாவில் இத்தகைய கப்பல்களுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாயின.

பழையது, மெதுவானது, பழகியது என்பதாலேயே ஒன்று பத்திரமானது ஆகிவிடாது. தாழ்ப்பாளைத் தினமும் பார்க்க வேண்டும். நம் கடைகளில் அந்தத் தாழ்ப்பாள் எது? தராசின் முத்திரை, பாக்கெட்டில் அச்சிட்ட தேதி, எலி புகாத கிடங்கு, கலப்படமில்லாத சரக்கு. "தலைமுறையாக நம்மிடம்தான் வாங்குகிறார்கள்" என்ற தைரியத்தில் இவற்றைக் கவனிக்காத கடை, ஒரே ஒரு அலைக்குத் தாங்காது.

நமக்கு என்ன?

இவ்வளவும் சொன்னது எதற்காக என்பதைச் சுருக்கிச் சொல்கிறோம்.

முதலாவது, பத்து நிமிடம் என்ற விளம்பரத்தை வாசலிலிருந்து வாசல் வரை அளந்து பாருங்கள். பத்து நிமிடம் என்பது பட்டனை அழுத்தியதிலிருந்து பை வந்து சேரும் வரைதான். வந்த தக்காளி நசுங்கியிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? துவரம்பருப்பு வேகவில்லை என்றால் மாற்றித் தருவது யார்? கையில் பணமில்லாத மாதக் கடைசியில் சாமான் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்வது யார்? இந்த நேரத்தையும் இந்தத் தொல்லையையும் கூட்டினால், அந்தப் பத்து நிமிடமும் விமானத்தின் ஒரு மணி மாதிரி, முழுப் பயணத்தில் ஒரு பங்குதான் என்பது விளங்கும்.

இரண்டாவது, வேகம் மெய்யாகவே தேவைப்படும் இடத்தில் நாமும் வேகமாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பால்மாவு, வந்த விருந்தாளிக்குக் காப்பித்தூள், அடுப்பில் தாளிதம் ஏறிய பிறகு இல்லை என்று தெரியும் கடுகு – இவையெல்லாம் விமானத்தில் போக வேண்டிய சரக்கு. போன் வந்தவுடன் பையனிடம் சைக்கிளில் கொடுத்தனுப்பும் கடைக்காரருக்குத் தெருவுக்குள் எந்தக் கம்பெனியும் இணையில்லை. ஏனென்றால் அவருடைய விமான நிலையம் 40 கிலோமீட்டர் தள்ளி இல்லை, தெருமுனையில் இருக்கிறது. 1924-இல் ஊர்த் துறைமுகத்தில் இறங்கிய விமானத்தின் வசதி அவருக்கு இன்றும் இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, மாத மளிகைச் சாமான் என்பது கப்பல் சரக்கு. அதில் நிமிடப் போட்டிக்குப் போய்க் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். சிட்டையை முதல் நாளே வாங்கி, சுத்தம் பார்த்து, எடை பார்த்து, மறுநாள் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். கப்பல் 18 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் 10 மணிக்கு வருவேன் என்றால் 10 மணிக்கு வருகிறது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் வாடிக்கையாளர் சொன்ன சொல் தவறுவதைப் பொறுப்பதில்லை. காத்திருக்கும் நேரத்தையும் அவருக்குப் பயனாக்க வேண்டும். கடையில் நிற்பவருக்கு உட்கார ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், புதிதாக வந்த சரக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. அந்தக் கப்பலின் 140 மீட்டர் கடைத்தெரு நமக்கு ஒரு பெஞ்சில் அடங்கும்.

நான்காவது, வரிச் சட்டங்கள் வரும் முன்பே படிக்க வேண்டும். சங்கத்தில் கூடிப் பேச வேண்டும். அமலுக்கு வந்த பிறகு கதவடைப்பு நடத்துவதைவிட, எழுதும்போதே ஒரு வரியைச் சேர்க்கச் செய்வது எளிது. முப்பதாயிரம் பேர் மட்டுமே வாழும் ஆலந்துத் தீவால் அது முடிந்தது. எண்ணிக்கையில் அதைவிடப் பல மடங்கு இருக்கும் வணிகர்களால் முடியாதா?

வேகத்தோடு போட்டி போட்டு நாம் பிழைக்க முடியாது. வேகம் கொடுக்க முடியாததைக் கொடுத்துப் பிழைக்கலாம். பால்டிக் கடலில் ஒவ்வொரு மாலையும் அந்தக் கப்பல்கள் கிளம்பும்போது தலைக்கு மேலே விமானங்கள் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்துக் கப்பல்காரர் தொழிலை விட்டுவிடவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பது நம் பெரியவர்கள் வாக்கு. பதறாமல் கணக்குப் போடுவோம். போட்ட கணக்கின்படி நடப்போம்.